மூணாவது நம்பர்

உங்க போன்ல இருந்து ஒரு நம்பருக்குப் போட்டுத் தருவீங்களாம்மா? இப்பவே வேண்டாம். திண்டிவனம் வர்றதுக்குள்ள போட்டாப் போதும். என்கிட்டயும் போன் இருக்கு, இல்லாம இல்ல. இந்தப் பைக்குள்ளதான் கிடக்கு. ஆனா என் போன்ல இருந்து போட்டா நான்தான்னு தெரிஞ்சிரும், உஷாராயிருவாங்க. அறியாத ஆள் போட்டா 'அலோ'ன்னு ஒரு குரல் குடுப்பாங்க இல்லையா, அந்தக் குரல் என் காதுல விழுந்தாப் போதும். யாருன்னு சொல்லிருவேன். சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். இந்த வயசு வரைக்கும் நான் யார் கூடவும் சண்டை போட்டதில்லம்மா. ஒருத்தர் மனசு நோகப் பேசினதில்ல. எங்க சபையில யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

அப்படிப் பாக்காதீங்க. பஸ்ல ஏறி ஏமாத்துற கூட்டமெல்லாம் இல்ல. ஞானப்பூ என் பேரு. சாயர்புரம் பக்கம். வீட்டுக்காரர் சொசைட்டியில எழுத்தரா இருந்தார், தவறிட்டார். இப்போ கூடுவாஞ்சேரியில மகன் கிளாட்வின் வீட்ல இருக்கேன். பெரிய அடுக்குமாடி. கீழ இருந்து பாத்தா எது நம்ம ஜன்னல்னு எனக்கு இன்னும் தெரியாது. மகள் எப்சிபா திண்டிவனத்துல. அவளைப் பாக்கத்தான் போறேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது. சொன்னா வேண்டாம்னுருவாளோன்னு பயமா இருக்கு.

அவ முகத்தைப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. போட்டோவுல பாத்தேன், போன வாரம். அதைத்தான் சொல்ல வர்றேன்.

கோபத்துக்குக் காரணம்னு பாத்தா ஒண்ணுமே கிடையாது. அவ கட்டிக்கிட்ட பையன் நம்ம சபைக்கு வெளியில. கதிரேசன்னு பேரு. நல்ல பையன்தான், மின்சார ஆபீஸ்ல வேலை. நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லல. அழுதேன், அவ்வளவுதான். அழுறதும் சண்டையும் ஒண்ணா? அப்புறம் எங்க வீட்டுக்காரர் போயி முதல் வருஷ நினைவு ஆராதனைக்குக் கார்டு அடிச்சோம். கீழ குடும்பத்தார் பேரு போடுவாங்க இல்லையா. கிளாட்வின், மருமகள் மெர்லின், பேத்தி பெனிட்டா, மகள் எப்சிபா. அச்சகத்துக்காரர் கேட்டார், "மாப்பிள்ளை பேரு விட்டுப்போச்சேம்மா, இடம் இருக்கு, சேத்துரவா?"ன்னு. நான்தான், "எப்சி பேரு இருக்குல்ல, அது போதும்"னேன். எதுக்கு, கார்டு சபை முழுக்கப் போகும், நாலு பேர் நாலு விதமா கேப்பாங்க. இத்தனூண்டு ஒரு கார்டு. அதைப் பாத்துட்டு அவ சொல்றா, "என் புருஷனுக்கும் பிள்ளைக்கும் ஒரு வரி இல்லாத வீட்ல எனக்கு என்னம்மா வேலை?" அன்னைக்குப் போனவதான்.

பிள்ளைக்கு அப்போ ஒரு வயசு. இப்போ பள்ளிக்கூடத்துல சேத்திருக்காங்களாம், சின்ன வகுப்பு. ஆதிரைன்னு பேரு வச்சிருக்காங்க. நான் ஜெபத்துல சொல்லும்போது 'அந்தக் குழந்தை'ன்னு சொல்லிக்கிறது. ஆண்டவருக்குத் தெரியாதா எந்தக் குழந்தைன்னு.

பழைய போன் இருந்தப்போ எப்போவாவது பேசுவா. "சாப்பிட்டியாம்மா", "முழங்கால் எப்படி இருக்கு", அவ்வளவுதான். அதுவும் போச்சு. எனக்கு ஏதோ பரிசு விழுந்திருக்குன்னு ஒருத்தன் நச்சு நச்சுன்னு கூப்பிட்டுட்டே இருந்தான். நான் பாவம்னு பதில் சொல்லிட்டு இருந்தேன். கிளாட்வினுக்குக் கோபம் வந்திருச்சு. அந்த நம்பரையே எடுத்துப்போட்டு, புதுப் போனும் புது நம்பரும் அவன் பேர்லயே வாங்கிக் குடுத்தான். அதுக்குள்ள என்னென்னவோ போட்டுக் குடுத்தான். பாட்டு வரும், பிரசங்கம் வரும், வாசலுக்கு யார் வந்தாலும் மணி அடிக்கும், மழை வருமான்னு கூட வரும். "இது வந்தா பச்சைம்மா, அது வந்தா இப்படித் தள்ளணும்மா"ன்னு ஒரு நாள் பூரா சொன்னான். எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு அதெல்லாம் தலையில ஏறுமா? சரிப்பா சரிப்பான்னு கேட்டுக்கிட்டேன். எப்சியும் அதுக்குள்ள நம்பரை மாத்திட்டா. ஆக அவ நம்பர் என்கிட்ட இல்ல, என் நம்பர் அவகிட்ட இல்ல.

கிளாட்வின் கிட்ட கேட்டு வாங்கலாமேன்னு சொல்றீங்க. கேக்கலாம். அவளா கேக்கட்டுமேன்னு இருந்துட்டேன். பெத்தவ நான் இல்லையா.

செங்கல்பட்டு தாண்டிருச்சு போல. முழங்காலைக் கொஞ்சம் நீட்டிக்கிறேன், உங்க கால்ல பட்டா கோவிச்சுக்காதீங்க. இது ஜெபத்துல தேஞ்ச முழங்காலு.

மழைக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து நான் ஒரு பொருத்தனை பண்ணினேன், நேர்த்திக்கடன்னு சொல்வாங்களே, அது மாதிரி. தினம் சாயங்காலம் ஆறரைக்கு, என் ரூம் கதவைச் சாத்திட்டு, எப்சி வரணும்னு முழங்கால் போட்டு ஒரு மணி நேரம் ஜெபம். டாக்டர் முழங்கால் போடவே கூடாதுன்னிருக்கார். அப்படியும் போட்டேன். "ஆண்டவரே, என் மகளை வாசல் வரைக்கும் கொண்டு வாரும். வாசல் வரைக்கும் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்"ன்னு. அந்த ஒரு மணி நேரம் எது வந்தாலும் அசைய மாட்டேன். போன் மட்டும்தான் தொந்தரவு. கொரியர்காரனோ, லோன் வேணுமான்னு கேக்குறவளோ, யாராவது அடிப்பாங்க. அணைச்சு வைக்கவும் எனக்குத் தெரியாது. அதனால பக்கத்துலயே வச்சுக்குவேன். அடிச்ச உடனே சிவப்பை அமுக்கிருவேன். கண்ணைத் திறக்கவே மாட்டேன். இடது பக்கம் கீழ இருக்கும், பெருவிரலுக்கே தெரியும். அந்தப் போன்ல பிள்ளைங்க சொல்லிக்குடுக்காம நானா கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். ஆண்டவர் சமூகத்துல இருக்கும்போது உலகத்துச் சத்தத்துக்கு என்ன வேலை, சொல்லுங்க.

இப்படி ஜெபிச்சு ஜெபிச்சு கிறிஸ்துமஸ் வந்திருச்சு. எப்சி வரல. கிறிஸ்துமஸ் முடிஞ்சு எங்க அக்கா மகள் ஒரு கல்யாண வீட்ல என் கையைப் பிடிச்சு ஓரமா கூட்டிட்டுப் போறா. "சித்தி, நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கல." என்னடீன்னேன். "எப்சி வந்தாளாமே உங்க வீட்டுக்கு. கொட்டுற மழையில பிள்ளையைத் தூக்கிட்டு வந்து கேட்ல நின்னாளாமே. உள்ள விடாம திருப்பி அனுப்பிட்டீங்களாமே!"

பாயசம் கையில இருந்துச்சு, புடவையெல்லாம் கொட்டிருச்சு.

எங்க கட்டடத்துல ஒரு முறை இருக்கு. யார் வந்தாலும் கேட்ல செக்யூரிட்டி நிறுத்தி, போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏத்துவார். அது வீட்டுக்காரங்க போனுக்குப் போகும். அவங்க விடுன்னா விடுவார், வேண்டாம்னா வேண்டாம். நம்ம ஊர்ல வாசல்ல வந்து நிக்குறவங்களை 'வாங்க'ன்னு சொல்லிட்டுத்தான் யாருன்னு கேப்போம். இங்க யாருன்னு போட்டோ எடுத்துட்டுத்தான் வாங்கன்னு சொல்றதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. எப்சி வந்தப்போ உள்ள இருந்து 'வேண்டாம்'னு வந்துச்சாம். அவ செக்யூரிட்டிகிட்ட, "வீட்ல யாருங்க இருக்கா?"ன்னு கேட்டாளாம். "பெரியம்மா மட்டும்தான் இருக்காங்க"ன்னாராம் அவர். அதைக் கேட்டதும் அவ வந்த ஆட்டோவுலயே திரும்பி ஏறிட்டாளாம்.

அவ என்ன நினைச்சிருப்பா? அம்மாதான் வேண்டாம்னுட்டாங்கன்னு நினைச்சிருப்பா. நானு! அவளுக்காக முழங்கால் தேஞ்சவ!

கிளாட்வின் கிட்ட கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வரலையேம்மா. மீட்டிங்ல இருந்திருப்பேன். போனாப் போகுது விடும்மா, நான் அவகிட்டப் பேசுறேன்"ன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான். வளத்தவளுக்குத் தெரியாதா. மெர்லின் கிட்ட கேட்டேன். "எனக்குத் தெரியாது அத்தை. அண்ணியை நான் ஏன் வேண்டாம்னு சொல்லப் போறேன்?"ன்னா. சரிம்மான்னுட்டேன். வேற ஒரு வார்த்தை கேக்கல. நான் பிள்ளைகளைக் குறுக்கு விசாரணை பண்றவ இல்ல.

குடும்ப ஜெபத்துல மட்டும் ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிட்டேன். "கர்த்தாவே, இந்த வீட்ல பொய் சொல்லுகிற உதடுகள் யாருடையதா இருந்தாலும் அவங்களை மன்னியும். வேற வீட்ல இருந்து வந்தவங்களா இருந்தாலும் மன்னியும்"ன்னு. சத்தமாத்தான் ஜெபிச்சேன், குடும்ப ஜெபம்னா சத்தமாத்தானே பண்ணணும். பாதியில மெர்லின் எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டா. குக்கர் விசில் அடிச்சுச்சாம். விசிலே அடிக்கலம்மா. எனக்குக் காது நல்லாக் கேக்கும். அன்னையில இருந்து அவ என்கிட்ட கேட்டதுக்குப் பதில் மட்டும்தான். சாப்பாடு எடுத்து வைப்பா, மாத்திரை எடுத்து வைப்பா, முழங்காலுக்குத் தைலம் கூடத் தேய்ச்சு விடுவா. ஆனா முகம் பாக்க மாட்டா. குத்தமுள்ள நெஞ்சு எப்படி முகம் பாக்கும்?

எத்தனை நாள் அப்படிக் கிடக்குறது? கீழ அசோசியேஷன் ஆபீஸுக்குப் போனேன். வளர்மதின்னு ஒரு பிள்ள கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கும். நல்ல பிள்ள, கல்யாணம் ஆகல. "என் மகள் வந்தாளான்னு பாத்துச் சொல்லும்மா"ன்னேன்.

"எப்போ வந்தாங்க ஆன்ட்டி?"

"மழையில."

அது சிரிச்சிருச்சு. "மழையை வச்சுத் தேட முடியாது ஆன்ட்டி. தேதி சொல்லுங்க, நேரம் சொல்லுங்க, இல்ல நம்பர் சொல்லுங்க."

"பேரு எப்சிபா."

"பேரு செக்யூரிட்டி அவசரத்துல எப்படியோ அடிச்சிருப்பாரு. கிடைக்காது. நம்பர்தான் கரெக்டா இருக்கும்."

எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் அவ பழைய நம்பர் ஒண்ணுதான். அதைச் சொன்னேன். தட்டிப் பாத்துட்டு, "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி"ன்னுச்சு. இல்லாமத்தானே இருக்கும்.

தேதிக்கு எங்க போறது? அக்கா மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் தேதி தெரியல. "பிள்ளைக்கு மழை லீவு விட்டிருந்தாங்க, அதான் கூட்டிட்டு வந்தேன்னு சொன்னா சித்தி"ன்னா. போதுமேன்னு மறுநாள் வளர்மதிகிட்ட ஓடினேன். அது நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துல எந்தெந்த நாள் மழைக்கு லீவு விட்டாங்கன்னு பாத்து, அந்தத் தேதியெல்லாம் போட்டுத் தேடிச்சு. கிடைக்கல. எனக்கு அழுகையா வந்திருச்சு. ராத்திரி படுத்து யோசிக்கும்போதுதான் தோணுச்சு, பிள்ள படிக்கிறது திண்டிவனத்துல இல்லையா! அது விழுப்புரம் மாவட்டம். அங்க லீவு வேற நாள், இங்க லீவு வேற நாள். காலையில பல் விளக்கின கையோட கீழ போயிட்டேன். வளர்மதி, "ஆன்ட்டி, நீங்க போலீஸ்ல சேந்திருக்கலாம்"னுச்சு. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரல.

அப்புறம் எங்க வீட்டு நம்பரைப் போட்டு, விழுப்புரத்துல லீவு விட்ட முதல் தேதியில இருந்து கடைசித் தேதி வரைக்கும்னு போட்டு, ஒரு தட்டு தட்டிச்சு. எத்தனை வரி வந்துச்சுங்குறீங்க! தண்ணி கேன் போடுறவர், காய்கறி கொண்டு வர்றவர், மெர்லினுக்கு வர்ற பார்சல், மறுபடி பார்சல், பெனிட்டாவுக்கு டான்ஸ் சொல்லிக்குடுக்குற டீச்சர், கேஸ்காரர், திரும்பப் பார்சல். ஒவ்வொருத்தருக்கும் போட்டோ, மணி, நிமிஷம், நான் பாத்த வரைக்கும் பக்கத்துல பச்சைக் குறி. எங்க வீட்டுக்கு இத்தனை பேர் வந்திருக்காங்களாம்மா! நான் அந்த வீட்லதான் இருக்கேன், ஒரு முகத்தைக் கூட நான் பாத்ததில்ல. பகல்ல கிளாட்வினும் மெர்லினும் ஆபீஸ்ல, பிள்ள பள்ளிக்கூடத்துல. பார்சலை வாசல்ல வச்சுட்டுப் போயிருவாங்க. நான் டிவியில பிரசங்கம் கேட்டுட்டு உக்காந்திருப்பேன். இந்த வீட்டுக்கு யாரும் வர்றதே இல்லையேன்னு நினைச்சுக்குவேன்.

"சாயங்காலமா, பகலா?"ன்னுச்சு வளர்மதி. திண்டிவனத்துல இருந்து கொட்டுற மழையில பிள்ளையோட வந்து சேர நேரமாகியிருக்கும், சாயங்காலமாத்தான் இருக்கும்னேன். ஆறு மணிக்கு மேலன்னு போட்டுச்சு. வரியெல்லாம் உதிர்ந்து நாலஞ்சுதான் மிச்சம் நின்னுச்சு. எல்லாம் பச்சை. ஒண்ணு மட்டும் சிவப்பு.

அதுல அவ முகம் இருந்துச்சும்மா.

செக்யூரிட்டி எடுத்த போட்டோ. தலையெல்லாம் நனைஞ்சு நெத்தியில ஒட்டிக்கிடந்துச்சு. மெலிஞ்சிருக்கா. தோள்ல பிள்ள, அதுக்கு மட்டும் துப்பட்டாவைப் போத்தி விட்டிருக்கா. பிள்ள கேமராவையே பாக்குது, எங்க வீட்டுக்காரர் முழி. கையில ஒரு தூக்குவாளி. எனக்குப் பிடிச்சது எதாவது செஞ்சு எடுத்துட்டு வந்திருப்பா. நான் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பாத்தேன். வளர்மதி தண்ணி எடுத்துக் குடுத்துச்சு.

மணி பாத்தா ஆறரைக்கு மேல சொச்சம். நான் முழங்கால்ல இருந்த நேரம்! ஆண்டவர் தன் வேலையைச் செஞ்சுட்டார் பாருங்க. நான் கேட்ட அதே நேரத்துல வாசல் வரைக்கும் கொண்டு வந்து நிறுத்திட்டார். உள்ள நான் அவளுக்காகக் கண்ணீர் விட்டுட்டு இருக்கேன், வெளிய அவ மழையில நிக்குறா. நடுவுல எந்தப் பாவியோ புகுந்து கெடுத்துருச்சு.

"யாரும்மா வேண்டாம்னு சொன்னது? அது வருமா அதுல?"ன்னு கேட்டேன்.

"வரும் ஆன்ட்டி. உங்க வீட்ல மூணு நம்பர் பதிஞ்சிருக்கு. மூணுக்கும் அடிக்கும், யார் முதல்ல அமுக்குறாங்களோ அதான் கணக்கு. இது சாரோட முதல் நம்பரும் இல்ல, மெர்லின் மேடம் நம்பரும் இல்ல. மூணாவது நம்பர்."

"அது யாரு பேர்ல இருக்கு?"

"அதுவும் சார் பேர்லதான் இருக்கு."

புரிஞ்சுதாம்மா? மூணாவது ஒரு நம்பர்! என் மகன் பேர்ல, அவனுக்கே தெரியாம யாரோ வச்சிட்டு இருக்காங்க. கிளாட்வின் நம்பரும் மெர்லின் நம்பரும் எங்க ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கு, அவசரத்துக்குன்னு. நான் தினம் பாக்குற நம்பர் அது. இது அதுல எதுவும் இல்ல. இதுவரைக்கும் என் கண்ணால பாத்திராத நம்பர். ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தரச் சொல்லி வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டேன். வளர்மதி என்னையே ஒரு மாதிரி பாத்துட்டு இருந்துச்சு. "ஆன்ட்டி, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன், ஒண்ணு பாக்கணும்"னுச்சு. அதுக்குள்ள சபையில பெண்கள் கூட்டத்துக்கு நேரம் ஆயிருச்சு. "அப்புறம் பாக்கலாம்மா, நீ நல்லா இருப்பே"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வந்து உக்காந்து ஒண்ணொண்ணா யோசிச்சேன். செக்யூரிட்டி சொன்னது என்ன? 'பெரியம்மா மட்டும் இருக்காங்க.' நான் கதவைச் சாத்திட்டு ஜெபத்துல இருந்தேன், அப்ப அந்தப் பெரியம்மா நான் இல்ல. வேற எந்தப் பெரியம்மா அந்த மாசம் எங்க வீட்ல இருந்தா? மெர்லினோட அம்மா மேபல்! கண் ஆபரேஷனுக்குன்னு வந்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, கூடத்துல சோபாவுல சாய்ஞ்சிருந்தவங்க. எந்நேரமும் கையில போன். கண்ணுக்கு மருந்து விடுறவங்களுக்குப் போன் எதுக்கு? மகள் வாங்கிக் குடுத்திருப்பா, மருமகன் பேர்ல. எல்லாம் பொருந்தி வருதா இல்லையா?

எனக்குக் கோபம் வரலம்மா. நிஜமாவே வரல. அலுப்பாத்தான் இருந்துச்சு. இவ்வளவு பெரிய உலகத்துல என் மகள் வந்து நிக்க ஒரு வாசல்தான், அதையும் அடைக்கணுமான்னு ஒரு அலுப்பு. இன்னைக்கு மத்தியானம் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்போது மெர்லின் தலையில கையை வச்சுச் சொன்னேன், "உங்க அம்மாவை நான் மன்னிச்சிட்டேன்மா."

"எங்க அம்மா என்ன செஞ்சாங்க அத்தை?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

அவ விடல. "அத்தை, எதைச் சொல்றீங்க, அண்ணி வந்த விஷயமா? அம்மா ஆயுதபூஜை லீவோட ஊருக்குப் போயிட்டாங்களே. மழைக்கு அவங்க இங்க இல்லவே இல்ல. டிக்கெட் போன்ல இருக்கு, காட்டுறேன்"னா. டிக்கெட் என்னம்மா டிக்கெட், யார் வேணா எப்ப வேணா எடுக்கலாம். பாக்க வேண்டாம்னுட்டேன். நம்பர்ச் சீட்டை அவகிட்டக் காட்டவும் இல்ல. காட்டினா அதுக்கும் ஒரு கதை சொல்லுவா. "எங்க அத்தை போறீங்க, தனியாப் போகாதீங்க, அவருக்குப் போன் போடுறேன்"னு லிப்ட் வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா. என் தண்ணி பாட்டிலை நான் மறந்துட்டேன், அதை எடுத்துக்கிட்டு ஓடி வந்தா. குடுத்துட்டு நின்னா. நானும் 'சரி, ஸ்தோத்திரம்'னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இந்தாங்க, இதுல முந்திரிக்கொத்து இருக்கு, ஒண்ணு எடுத்துக்கங்க. எப்சிக்குன்னு செஞ்சது, நிறைய இருக்கு. எடுத்துக்கங்க, வெறும் வாயோட என் கதையைக் கேக்குறீங்க.

அவ வீட்டுக்குப் போயி என்ன சொல்லணும்னு பஸ் ஏறினதுல இருந்து மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டே வர்றேன். "எப்சி, அம்மா உன்னை வேண்டாம்னு சொல்லல. சொன்னது இந்த நம்பர். பாரு, தேதி இருக்கு, மணி இருக்கு." அவ நம்பணும்ல? வெறும் நம்பரைக் காட்டினா, "யாரும்மா இது?"ன்னு கேப்பா. மேபல்தான்னு நான் அடிச்சுச் சொல்லணும்னா அந்தக் குரலை ஒரு தடவை கேட்டிருக்கணும். அதுக்குத்தான் உங்களைக் கேக்குறேன். அவ கதவைத் திறந்து, "வாம்மா"ன்னு சொல்லுறதும் முகத்துல அடிச்சாப்ல சாத்துறதும் இதுலதான் இருக்கு. இன்னொரு தடவை இந்த முழங்காலைத் தூக்கிட்டு வர எனக்குத் தெம்பு இல்ல.

என்ன ஊரு இது? அச்சிறுப்பாக்கம் அப்பவே தாண்டிருச்சா? அப்போ நெருங்கிட்டோம். வெளிச்சம் மங்கிருச்சே, மணி என்னம்மா? ஆறரை ஆயிருச்சா? ஐயோ, பேசிட்டே வந்ததுல ஜெப நேரத்தை விடப் பாத்தேன். பொருத்தனை இன்னும் முடியல, அவ வர்ற வரைக்கும்னு வச்சிருக்கேன். பஸ்ஸா இருந்தா என்ன, உக்காந்தே ஜெபிக்கலாம்.

இந்தாங்க சீட்டு. எழுத்து தெரியுதா? கடைசியில ரெண்டு ஏழு. நீங்க போடுங்க, நான் கண்ணை மூடி ஆண்டவர்கிட்டக் கேட்டுட்டு இருக்கேன். 'அலோ'ன்னு சொன்னதும் என் காதுல வைங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்.

ஆண்டவரே, மறைவானதை வெளிச்சத்துக்குக் கொண்டு வாரும். என் மகளைத் துரத்தின கை எதுன்னு காட்டும் ஐயா. நான் பழி வாங்க மாட்டேன், மன்னிக்கத்தான்...

பாருங்க, சரியா இந்த நேரம் பாத்து என் போனும் அடிக்குது. கிளாட்வினா இருக்கும், மெர்லின் சொல்லியிருப்பா. இருங்க, அமுக்கிட்டேன். இதே ரோதனைதான் தினமும்.

போட்டாச்சாம்மா? என்ன ஆச்சு? கட் பண்ணிட்டாங்களா! நான் சொன்னேன்ல? பாத்தீங்களா? எடுத்து யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. மழையில நின்ன பிள்ளைக்கும் இப்படித்தானே செஞ்சிருப்பாங்க. ஈரம் இல்லாத ஜென்மம். எப்படித்தான் மனசு வருதோ.

இன்னொரு தடவை போடுங்கம்மா. எனக்காக. ஏன் தயங்குறீங்க? ஏன் சீட்டையும் என் பையையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க? போடுங்க, நல்லா இருப்பீங்க.

மறுபடி என் போன்... இருங்க, இதை...

நீங்க நிறுத்திட்டீங்களா? இதுவும் நின்னிருச்சு.

திரும்பப் போடுங்க. இல்ல, காதுல வைக்காதீங்க. கையில வச்சுக்கிட்டே போடுங்க, நான் பாக்குறேன்.

...

அடிக்குதும்மா. உங்க கையில போகுது, என் மடியில அடிக்குது.

சத்தம் போடாதீங்க தம்பி, கண்டக்டர் தம்பி, இறங்குறேன். திண்டிவனம்தானே, தெரியும், இறங்குறேன். ஒரு நிமிஷம் நில்லுங்க.

அம்மா, நீங்க கட் பண்ணிராதீங்க. அடிக்கட்டும். என் பெருவிரல் அதுவா சிவப்புக்குப் போகுது, கொஞ்சம் பிடிச்சுக்கங்க என் கையை. இதுல பச்சை எந்தப் பக்கம் இருக்கும்மா?